பன்னிரண்டு அடி உயரத்தில்

கூரைமேல் ஏறி வேலை செய்வோர் விழுந்து காயமடைவதும் உயிரிழப்பதும் எதனால், பழவேற்காடு ஏரியைச் சூழ்ந்த குப்பங்களில் அதைத் தடுக்கும் வழி யாது என்பதே இன்றைய உரையின் பொருள்.

ஏரிக்கரையில் நின்றுகொண்டு கூரையைப் பற்றிப் பேசுவானேன் என்று கேட்போர் இருக்கலாம். ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகிய பழவேற்காட்டில் ஆபத்து என்றாலே நீரைத்தான் மக்கள் நினைக்கிறார்கள். அதற்குக் காரணமும் உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று கடல் கரையேறி வந்ததை இங்குள்ள எவரும் மறக்கவில்லை. 2011 டிசம்பர் 25 அன்று சுற்றுலா வந்தவர்களை ஏற்றிச் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டதும், அதன்பின் சுற்றுலாப் படகுச் சவாரிக்கே தடை வந்ததும் ஊரறிந்த செய்திகள். 22 பேர் ஒரே நாளில் இறந்தால் அரசு விழித்துக்கொள்கிறது, விசாரணை நடக்கிறது, தடை பிறக்கிறது. ஆனால் இந்த ஆண்டு ஒரு குப்பத்தில் ஒருவர், அடுத்த ஆண்டு வேறொரு குப்பத்தில் இன்னொருவர் என்று கூரையிலிருந்து விழுந்தால் அது யாருடைய கணக்கில் சேர்கிறது? காவல் நிலையத்தில் அது ஒரு தற்செயல் மரணம். மருத்துவமனையில் அது ஓர் எலும்பு முறிவு. வீட்டில் அது தலைவிதி. தொழிலால் நேர்ந்த காயம் என்று அதைத் தனியே எழுதிவைக்கும் ஏடு எதுவும் இல்லை.

கூரையிலிருந்து விழுவது வெறும் கவனக்குறைவால் நேர்வதா? கால் தவறிவிட்டது என்ற ஒரு வாக்கியத்தோடு விசாரணையை முடித்துவிடலாமா? முடித்துவிடலாகாது என்பதும், வீழ்ச்சிக்குக் காரணம் பெரும்பாலும் கூரையின் பொருளிலும், வேலை நடக்கும் வேளையிலும், ஆளை வேலைக்கு அழைக்கும் முறையிலும் இருக்கிறது என்பதும் இவ்வுரையின் கருத்து.

முதலில் கூரையின் பொருளைக் காண்போம். 1613 ஆம் ஆண்டில் டச்சுக்காரர்கள் இங்கே கெல்டிரியா கோட்டையை எழுப்பிச் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய காலத்திலும், அதற்குப் பின் நெடுங்காலமும், குப்பத்து மக்களின் வீடு பனையோலை வேய்ந்த வீடாகவே இருந்தது. சவுக்கோ பனையோ கைமரமாக நிற்க, அதன்மேல் குறுக்கே வரிச்சுக் கட்டி, அதன்மேல் ஓலையை அடுக்கடுக்காக வைத்துக் கட்டுவது அந்த வேலை. வேய்பவர் வரிச்சின் மேல் கால் ஊன்றி, கைமரத்தை அணைத்தபடி, கீழேயிருந்து நீட்டப்படும் ஓலையை வாங்கிக் கட்டுவார். உளுத்த வரிச்சு முறிந்து விழுந்தவர்கள் அந்நாளிலும் உண்டு. ஆயினும் ஓலைக்கூரைக்கு ஒரு குணம் இருந்தது: அது முறியுமுன் வளையும், வளையும்போது ஓசை எழுப்பும், காலுக்குக் கீழே ஏதோ தாழ்கிறது என்று தெரிந்து ஆள் உடலை இழுத்துக்கொள்ள ஒரு கணம் கிடைக்கும். கூரையும் தாழ்வானது, தரையும் மணல்.

அந்த ஓலைக்கூரையின் இடத்தில் வந்தது சிமெண்ட் ஷீட். ஆஸ்பெஸ்டாஸ் என்று பொதுவாகச் சொல்லப்படும் இந்தத் தகடு, சிமெண்டோடு கல்நார் என்னும் கனிம இழையைச் சேர்த்து அலையலையாக வார்க்கப்படுவது. தடிமன் 6 மில்லிமீட்டர். அகலம் ஏறத்தாழ 1 மீட்டர். நீளம் 3 மீட்டர் வரை. இதைத் தாங்குவதற்குக் குறுக்கே போடப்படும் இரும்பு அல்லது மரச் சட்டங்களுக்கு இடையே 1.4 மீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக்கூடாது என்பது பொறியியல் விதி. கொக்கிபோல் வளைந்த ஜே போல்ட் என்னும் ஆணி, அலையின் உச்சியில் துளையிட்டுச் செருகப்பட்டு, கீழேயுள்ள சட்டத்தைப் பற்றிக்கொள்கிறது.

இந்தத் தகடு எதைத் தாங்குவதற்காக உண்டாக்கப்பட்டது? மழையைத் தாங்க, வெயிலைத் தாங்க, தகடு முழுவதும் பரவி அழுத்தும் காற்றைத் தாங்க உண்டாக்கப்பட்டது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் இரண்டு சட்டங்களுக்கு நடுவே ஒற்றைக் காலை ஊன்றும்போது, அந்த எடை முழுவதும் உள்ளங்கை அகலமுள்ள ஓரிடத்தில் இறங்குகிறது. அதைத் தாங்க அது உண்டாக்கப்படவில்லை. இரும்பு வளையும், மூங்கில் வளையும், ஓலை தாழும். சிமெண்ட் ஷீட் அப்பளம்போல் ஒரே நொடியில் உடையும். முன்னறிவிப்பு இல்லை, ஓசை இல்லை, உடலை இழுத்துக்கொள்ள அந்த ஒரு கணமும் இல்லை. ஓலையின் மேல் வேலை பழகியவருடைய கால், காலுக்குக் கீழுள்ளது எச்சரிக்கும் என்று பழகிய கால். புதிய கூரையோ எச்சரிக்காத கூரை.

இந்த மாற்றத்தைக் குறை சொல்வது இவ்வுரையின் நோக்கமன்று. கோடைக்காற்றில் ஒரு குடிசையில் பற்றிய தீ தெருவையே தின்றுவிடும் என்பதும், ஆண்டுதோறும் ஓலை தேடி அலைவதன் செலவும் களைப்பும் எத்தகையவை என்பதும் குப்பத்துப் பெண்களுக்குத் தெரிந்த அளவு வேறு எவருக்கும் தெரியாது. ஷீட் வந்ததால் தீயின் அச்சம் குறைந்தது, ஒழுகலும் குறைந்தது. அவை இரண்டும் குறைந்த இடத்தில், எவரும் கேட்காமலே மூன்றாவதாக ஓர் அபாயம் வந்து குடியேறியது என்பதை மட்டும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

உள்நாட்டு ஊர்களைக் காட்டிலும் இங்கே அந்த அபாயம் கூடுதல். கடலிலிருந்து வீசும் உப்புக்காற்று, இரும்பை மற்ற இடங்களைவிட விரைவாகத் தின்கிறது. ஜே போல்ட் துருப்பிடித்து நூலாக இளைத்தபின்னும் மேலேயுள்ள அதன் தலை மட்டும் திடமாகத் தெரியும். அனுபவமுள்ள தொழிலாளி ஷீட்டின் நடுவில் கால் வைப்பதில்லை. கீழே சட்டம் செல்லும் போல்ட் வரிசையின் மேலேயே அடி வைப்பார். அந்தப் போல்ட்டும் அதன் கீழுள்ள சட்டமும் துருவேறியிருந்தால், அவருடைய அனுபவமே அவரைக் கைவிடுகிறது. மழைக்காலத்தில் ஷீட்டின் மேல் படியும் பாசி, காய்ந்தபின் சாம்பல் நிறமாகித் தகட்டின் நிறத்தோடு கலந்துவிடும். முதல் தூறலில் அதுவே வழுக்கும். வெளிச்சத்துக்காக இடையிடையே போடப்படும் பிளாஸ்டிக் ஷீட், தூசியும் பறவை எச்சமும் படிந்து மற்றவற்றோடு வேறுபாடில்லாமல் கிடக்கும். ஐஸ் கொட்டகைகளிலும், இறால் பண்ணைக் கொட்டகைகளிலும், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் ஆலைகளிலும் கூரை பழுதுபார்க்கப் போகிறவர்கள் இந்த வெளிச்ச ஷீட்டைப் பற்றித் தனியே எச்சரிக்கப்பட வேண்டியவர்கள்.

கூரையின் பொருள் இவ்வாறிருக்க, வேலையின் வேளை எப்படி? கூரை எப்போது நினைவுக்கு வருகிறது? புயல் வரும்போது நினைவுக்கு வருகிறது. புயல் போனபின் நினைவுக்கு வருகிறது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையை ஒட்டிக் கரை கடந்தபோதும், 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் இந்தக் கரையை உரசிக்கொண்டு வடக்கே ஆந்திரம் நோக்கிச் சென்றபோதும், வடசென்னையிலிருந்து பழவேற்காடு வரை கூரைகள் பெயர்ந்தன. காற்று அடங்கிய மறுநாள் காலையில் என்ன நடக்கும்? எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் வேலை. ஷீட் மாட்டத் தெரிந்த ஆட்கள் சிலர். கூரை இழந்த வீடுகள் பல. மேகம் இன்னும் கலையவில்லை, அடுத்த மழைக்குள் மூடியாக வேண்டும், உள்ளே குழந்தைகளும் அரிசி மூட்டையும் நனைகின்றன. தகடுகளில் கண்ணுக்குத் தெரியாத விரிசல், மேலே ஈரம், கைகளில் அவசரம். தொழிலாளி கிடைக்காத வீட்டில் மகன் ஏறுகிறான், மைத்துனன் ஏறுகிறான், பக்கத்து வீட்டுக்காரர் ஏறுகிறார்.

இதில் கூர்ந்து நோக்க வேண்டிய ஒன்று உண்டு. புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டதும் மீனவர் கடலுக்குச் செல்லக் கூடாது என்ற அறிவிப்பு வருகிறது, படகுகள் கரையேறுகின்றன, ஆண்கள் வீட்டில் இருக்கிறார்கள். வீட்டில் இருப்பவர், காற்று வலுக்குமுன் கூரையைக் கட்டிவிடுவோம் என்று நைலான் கயிற்றையும் மணல் மூட்டையையும் எடுத்துக்கொண்டு மேலே ஏறுகிறார். கடலுக்குத் தகாது என்று விலக்கப்பட்ட அதே காற்றில் கூரைமேல் நிற்கலாகுமா? கடலில் அலையாக எழும் காற்று கூரைமேல் ஒரு ஷீட்டைப் பாய்மரமாக்கி, பிடித்திருப்பவரையும் சேர்த்துத் தள்ளிவிடுகிறது. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில்கூட இந்தப் பகுதி மீனவர்களுக்குக் கடலில் எல்லை குறிக்கப்படுகிறது. கூரைக்கு மட்டும் எந்த அறிவிப்பும் இல்லை, எந்தக் கூண்டும் இல்லை.

விழுதல் என்பது உடலுக்கு என்ன செய்கிறது என்பதையும் சற்று விளக்க வேண்டும். 12 அடி உயரத்திலிருந்து விழுபவர் தரையைத் தொட ஒரு நொடிக்கும் குறைவான நேரமே ஆகிறது. தரையைத் தொடும்போது அவருடைய வேகம் மணிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். இறவாணம் எனப்படும் கூரையின் தாழ்ந்த ஓரம் 8 அடி உயரத்தில் இருந்தாலும் அந்த வேகம் 25 கிலோமீட்டர் வரை வருகிறது. உயரம் குறைவுதானே என்ற எண்ணத்தை இந்தக் கணக்கு உடைக்க வேண்டும். காலூன்றி விழுபவருக்குக் குதிகால் எலும்பு நொறுங்குகிறது. அந்த அதிர்வு மேலேறி இடுப்புக்கு மேலுள்ள முதுகெலும்புக் கண்ணியை நசுக்குகிறது. தண்டுவடம் அறுந்தால் இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப் போகிறது. கையூன்றி விழுபவருக்கு மணிக்கட்டு முறிகிறது. தலைகீழாக விழுபவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஷீட் உடைந்து உள்ளே விழுபவர் மணலில் விழுவதில்லை என்பதும் கவனிக்கத் தக்கது. அவர் வீட்டுக்குள் சிமெண்ட் தரையிலும், அம்மியின் மேலும், கட்டிலின் விளிம்பிலும் விழுகிறார், விழும் வழியில் இரும்புச் சட்டத்தில் மார்பு மோதுகிறது.

விழுந்தவரைக் கையையும் காலையும் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஓடுவது அன்பினால் செய்யும் செயல். அந்த அன்பே முறிந்த முதுகெலும்பின் முனையைத் தண்டுவடத்தில் செலுத்திவிடக்கூடும். அவரை அசைக்காமல், கழுத்தைத் திருப்பாமல், ஒரு கதவையோ பலகையையோ பக்கத்தில் வைத்து, நான்கைந்து பேர் சேர்ந்து உடலை ஒரே நேராக நகர்த்தி ஏற்றி, 108 வண்டி வரும்வரை காத்திருப்பது நலம். பழவேற்காட்டில் ஆரம்ப சுகாதார நிலையம் உண்டு. பொன்னேரியில் அரசு மருத்துவமனை உண்டு. தலைக்காயத்துக்கும் தண்டுவடக் காயத்துக்கும் பெரும்பாலும் சென்னை ஸ்டான்லி மருத்துவமனைக்கோ சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரேயுள்ள அரசு பொது மருத்துவமனைக்கோதான் செல்ல வேண்டும். தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய, சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்கும் திட்டம் பலருடைய உயிரைக் காக்கும் நல்ல திட்டம். 30 கிலோமீட்டர் வேகத்தில் சாலையில் மோதியவருக்கு அந்தத் திட்டம் உண்டு. அதே வேகத்தில் தரையில் மோதியவருக்கு இல்லை.

இனி வேலைக்கு ஆள் அழைக்கப்படும் முறையை நோக்குவோம். சட்டம் நுழைவதும் நுழையாமல் நிற்பதும் இங்கேதான். ஒரு குப்பத்து வீட்டில் நான்கு ஷீட் உடைந்திருக்கிறது. வீட்டுக்காரர் ஒரு மேஸ்திரியிடம் சொல்கிறார், அவர் ஒரு ஷீட்காரரையும் ஒரு சித்தாளையும் அழைத்து வருகிறார், கூலி பேசப்படுகிறது, வேலை அரைநாளில் முடிகிறது. இவர்களில் முதலாளி யார்? வீட்டுக்காரரா? அவரே அன்றாடம் வலை இழுப்பவர். மேஸ்திரியா? அவரும் அதே ஏணியில் ஏறுபவர்.

கட்டுமானத் தொழிலாளருக்கென நாடாளுமன்றம் 1996 ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றியது. அதன்கீழ் 1998 இல் வெளியான மத்திய விதிகளில் சரிவான கூரையின் மேல் செய்யும் வேலைக்கென்றே ஒரு பகுதி உண்டு. தவழ்ந்து செல்லும் பலகை வேண்டும் என்பதுகூட அதில் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அந்தச் சட்டம் பத்துக்குக் குறையாத தொழிலாளரை அமர்த்தும் நிறுவனத்துக்கே பொருந்தியது. சொந்தக் குடியிருப்புக்காக ஒருவர் செய்யும் வேலையின் மதிப்பு 10 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் அது சட்டத்துக்கு வெளியே நின்றது. அந்தச் சட்டத்தின் இடத்தில் வந்து, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையாகியுள்ள 2020 ஆம் ஆண்டுப் பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, பத்துப் பேர் என்ற வரம்பை அப்படியே வைத்துக்கொண்டு, சொந்த வீட்டுக்கான மதிப்பு வரம்பை 50 லட்சமாக உயர்த்தியிருக்கிறது. குப்பத்தில் 50 லட்சத்துக்கு வீடு கட்டுபவர் யார்? விழுபவர் எந்த உயரத்திலிருந்து விழுவார் என்று சட்டம் கேட்கவில்லை. எவ்வளவு விலையுள்ள வீட்டிலிருந்து விழுவார் என்று கேட்கிறது.

உயரத்தைக் கேட்ட சட்டமும் ஒன்று இருந்தது. அது வெள்ளையர் காலத்தில், 1923 இல் பிறந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். எந்தெந்த வேலை செய்வோர் இழப்பீட்டுக்கு உரியவர் என்று அதன் அட்டவணை வரிசைப்படுத்தும்போது, கட்டடம் கட்டுவோரையும் பழுதுபார்ப்போரையும் சேர்த்து, அந்தக் கட்டடம் ஒரு மாடிக்கு மேற்பட்டதாகவோ, அல்லது தரையிலிருந்து முகடு வரை 12 அடி அல்லது அதற்கு மேற்பட்டதாகவோ இருக்க வேண்டும் என்று வரம்பு கட்டியது. முகடு என்பது கூரையின் இருபுறச் சரிவும் சந்திக்கும் உச்சிக்கோடு. குப்பத்தில் பல வீடுகளின் முகடு 11 அடியில் நிற்கும், 10 அடியில் நிற்கும். பதினோரடியிலிருந்து விழுந்தவருடைய முதுகெலும்பு பன்னிரண்டடியிலிருந்து விழுந்தவருடைய முதுகெலும்பைவிடக் குறைவாகவா முறியும்? அளவுகோலை எங்கேனும் ஓரிடத்தில் வைத்துத்தான் ஆக வேண்டும் என்று சட்டம் எழுதியவர்கள் சொல்லக்கூடும். அதை ஏழையின் கூரைக்கு ஓரடி மேலே வைத்தார்கள் என்பதே குறை.

நலவாரியங்களின் கதியும் இதுவே. தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் 1994 இல் அமைந்தது. மற்ற மாநிலங்களுக்கு அது முன்னோடி. மீனவருக்கு 2007 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வேறொரு நலவாரியம். ஆனால் பழவேற்காட்டில் ஒருவர் ஆண்டு முழுவதும் ஒரே தொழிலில் இருக்கிறாரா? ஏரியின் முகத்துவாரம் மணலடித்து அடைபட்டு மீன்வரத்து குறையும் மாதங்களில், விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை வரும் தடைக்காலத்தில், வலையை மடித்துவைத்துவிட்டுச் சாரம் கட்டவும் ஷீட் மாட்டவும் போகிறவர்கள் இருக்கிறார்கள். கையில் மீனவர் அட்டை, விழுந்தது கூரையிலிருந்து. ஒரு வாரியம் இது மீன்பிடித் தொழிலில் நேர்ந்ததன்று என்னும், மற்றொன்று இவர் பெயர் பதிவேட்டில் இல்லை என்னும். இரண்டு அட்டைகளுக்கு நடுவிலுள்ள இந்த இடைவெளியும் ஒரு பள்ளந்தான்.

அயல்நாடுகளில் இந்த விதி எப்படி இருக்கிறது? அமெரிக்காவில் கட்டுமானத் தளத்தில் 6 அடியோ அதற்கு மேலோ உள்ள உயரத்திலிருந்து விழும் அபாயம் இருந்தாலே தடுப்போ, வலையோ, உடற்கச்சையோ வேண்டும். சிங்கப்பூரில் 2013 முதல் உயரப்பணிக்கெனத் தனி விதிகள் உள்ளன. 3 மீட்டருக்கு மேல் விழக்கூடிய அபாயமுள்ள வேலைக்கு எழுத்துமூலம் அனுமதி பெற வேண்டும். அங்கே கட்டட வேலைக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளர் உடற்கச்சை அணியாமல் சாரத்தில் ஏற இயலாது; பயிற்சிச் சான்றில்லாமல் தொடங்கவே இயலாது. அதே தொழிலாளர் ஊர் திரும்பி, அதே உடலோடு, அதே கைத்திறனோடு, இங்கே வெறுங்காலுடன் ஷீட்டின் மேல் ஏறுகிறார். மாறியது அவருடைய கவனமா, அல்லது அவரைச் சுற்றியிருந்த ஏற்பாடா? கால் தவறிவிட்டது என்று சொல்வோர் இதற்கு விடை சொல்ல வேண்டும். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1988 இல் நிறைவேற்றிய 167 ஆம் உடன்படிக்கையும் உயரத்தில் செய்யும் வேலையோடு கூரை வேலையைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது.

அவையோரே, சட்டம் வந்து சேரும்வரை கூரைகள் காத்திருக்கப்போவதில்லை. குப்பம் தானே செய்துகொள்ளக் கூடியவை எவை? முதலாவதும் முதன்மையானதுமாகிய வழி, மேலே ஏறாமலே வேலையை முடிப்பது. உடைந்த ஒற்றைத் தகட்டை மாற்றவும், துருப்பிடித்த போல்ட்டைக் கழற்றவும், பல வேளைகளில் வீட்டுக்குள்ளே சவுக்குக் கம்பால் ஒரு சாரம் கட்டி, கீழேயிருந்தே செய்ய இயலும். நேரம் சற்றுக் கூடும், உள்ளே சாமான்களை ஒதுக்க வேண்டும், அதனாலேயே தட்டிக்கழிக்கப்படுகிறது. ஏறித்தான் ஆக வேண்டுமென்றால், தகட்டின் மேல் கால் படாமல், குறைந்தது மூன்று சட்டங்களின் மேல் படுக்குமளவு நீளமான பலகையைப் போட்டு, அதன்மேல் மட்டுமே இயங்க வேண்டும். ஒரு பலகையின் மேல் நின்றுகொண்டு அடுத்த பலகையை முன்னே நகர்த்துவதற்கு இரண்டு பலகைகள் தேவை. ஒன்றே இருந்தால் இடையில் கால் தகட்டில்தான் இறங்கும். பலகையின் மேல் குறுக்குக் கட்டைகள் அடித்தால் கால் வழுக்காது, அதன் தலையை முகட்டில் மாட்டினால் அது சரியாது.

ஏணிக்கும் இந்த மண்ணில் தனிக் கவனம் வேண்டும். மணலில் ஊன்றிய ஏணியின் ஒரு கால், ஆள் மேலே ஏறியபின் மெல்ல இறங்கும். ஏணியின் கீழே ஒரு பலகை போட்டால் அது நிற்கும். ஏணியின் தலை கூரையின் ஓரத்துக்கு மேலே 3 அடியாவது நீண்டிருக்க வேண்டும், கட்டப்பட்டிருக்க வேண்டும். நான்கு பங்கு உயரத்துக்கு ஒரு பங்கு தள்ளி அடியை வைப்பது அதற்குரிய சரிவு.

கயிற்றைப் பற்றி இந்த மீனவ மக்களுக்குச் சொல்லித்தர எவருக்கும் தகுதியில்லை. முடிச்சுக்குப் பேர்போன கைகள் இவை. எனினும் ஓர் எச்சரிக்கை தேவை. படகில் ஆண்டுக்கணக்கில் வெயிலும் உப்பும் தின்ற நைலான் கயிறு, பார்வைக்குத் தடிப்பாக இருந்தாலும் வலுவிழந்திருக்கும். வலை இழுக்கத் தாங்குவது விழும் ஆளைத் தாங்காது. இடுப்பில் ஒரு சுற்றுக் கயிறு கட்டிக்கொண்டு விழுபவருக்கு அந்தக் கயிறே விலாவையும் குடலையும் நசுக்கிவிடும். தொடையிலும் தோளிலும் சுமையைப் பகிர்ந்து தாங்கும் உடற்கச்சையே வேண்டும். இந்தியத் தர நிர்ணயத்தில் அதற்கு ஐ.எஸ். 3521 என்ற எண் உண்டு. கயிற்றின் மறுமுனையைக் கூரையின் துருவேறிய சட்டத்தில் கட்டலாகாது. மறுபக்கத்து மரத்திலோ உறுதியான தூணிலோ கட்ட வேண்டும். பழைய மீன்வலையைக் கீழே விரித்துப் பிடித்தால் போதும் என்று நினைப்பதும் தவறு. மீனின் எடைக்குப் பின்னப்பட்டது அது.

உடைந்த ஷீட்டை வெட்டும்போதும் வீசும்போதும் எழும் தூசியில் கல்நார் இழை உண்டு. அது நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய் தரக்கூடியது என்று உலக சுகாதார அமைப்பு உறுதியாகச் சொல்கிறது. இந்திய உச்ச நீதிமன்றம் 1995 ஜனவரியில் கல்நார்த் தொழிலாளரின் உடல்நலத்தை வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. அது தனி உரைக்குரிய பொருள். வெட்டுமுன் தகட்டை நனைத்துக்கொள்ள வேண்டும், ஆனால் தரையில் வைத்தே நனைக்க வேண்டும், கூரைமேல் அன்று என்ற அளவில் இங்கே நிறுத்தலாம்.

இந்தக் கருவிகளை ஒவ்வொரு வீட்டுக்காரரும் வாங்க வேண்டுமா? அது நடவாது. ஆனால் பழவேற்காட்டுக் குப்பங்களுக்கு, தனியாளால் ஆகாததை ஊராகச் செய்யும் வழக்கம் புதியதா? ஏரியில் எந்த இடத்தில் எந்த நாள் எவர் வலையிடுவது என்பதைப் பாடு என்னும் முறைவைத்து, சீட்டுப் போட்டு, தலைக்கட்டுக் கணக்கில் பங்கிட்டு, மீறியவருக்குத் தண்டம் விதித்து நடத்தி வந்தவர்கள் இவர்கள். எந்த அரசாணையும் எழுதாத அந்த ஒழுங்கு தலைமுறைகளாக நின்றிருக்கிறது. அதே ஊர்க்கூட்டம், இரண்டு தவழ்பலகை, ஒரு நீண்ட ஏணி, இரண்டு உடற்கச்சை, நல்ல கயிறு ஆகியவற்றை ஊர்ப் பொதுவில் வாங்கி வைத்து, அவற்றை எடுக்காமல் எவரையும் எந்த வீட்டுக்காரரும் ஷீட்டின் மேல் ஏற்றக்கூடாது என்றும், கடலுக்குக் கூண்டு ஏற்றினால் கூரைக்கும் அதே கூண்டு என்றும் ஒரு தீர்மானம் செய்ய இயலாதா? அந்தத் தீர்மானத்தில் இருளர் குடியிருப்புகளும் சேர வேண்டும் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தலைக்கட்டுக்கு வெளியே வைக்கப்பட்டவர் கூலிக்கு ஏறும்போது மட்டும் ஊருக்கு உள்ளே வந்துவிடுகிறார்.

இதற்கு உரிய காலமும் இதுவே. 2024 இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டம், 2030க்குள் ஊரகத் தமிழ்நாட்டில் 8 லட்சம் குடிசைகளுக்கு மாற்றாக, ஒவ்வொன்றும் 360 சதுர அடியில் வீடு கட்ட 3.5 லட்சம் ரூபாய் வீதம் அளிக்கிறது. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை. அதற்குமுன் பழைய கூரையைப் பிரிக்க வேண்டும். பிரிப்பது மாட்டுவதைவிட ஆபத்தானது. பத்தடி உயரத்தில் சுற்றுச்சுவரில்லாத தட்டையான கூரையில் கம்பி கட்டுவதும் கான்கிரீட் சுமப்பதும் அதைத் தொடரும். ஒரு வீட்டுக்கு 3.5 லட்சம் என்பதால் இந்த வேலைகள் அனைத்தும் மேலே சொன்ன சட்ட வரம்புக்குக் கீழே நழுவிவிடும். எனவே ஊராட்சி ஒன்றியப் பொறியாளர் தவணைப் பணம் விடுவிக்க வீட்டைப் பார்வையிடும்போதே சாரத்தையும் ஏணியையும் ஓரத் தடுப்பையும் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அதற்குப் புதிய சட்டம் தேவையில்லை, ஒரு சுற்றறிக்கை போதும்.

மற்றதெல்லாம் நாள்காட்டியைப் பொறுத்தது. வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் தொடங்குகிறது. கூரையைச் சோதிக்க உரிய மாதங்கள் ஆடியும் ஆவணியும்; தகடு பெரும்பாலும் காய்ந்திருக்கும், ஷீட்காரருக்கு அவசரம் இருக்காது. காலை ஏழு மணிக்குள் தொடங்கிப் பத்து மணிக்குள் இறங்கிவிட்டால் தகடு காலைச் சுடாது. அந்த இரண்டு மாதங்களில் ஒரு நாளைக் குறித்து, குப்பத்து வீடுகள் அனைத்தின் போல்ட்டுகளையும் உள்ளேயிருந்து அண்ணாந்து பார்த்துக் கணக்கெடுப்பதற்கு, வந்திருக்கும் ஊர்ப் பஞ்சாயத்துப் பெரியோர்கள் இந்தக் கூட்டம் கலையுமுன் நாள் குறிக்கலாம்.